முகத்துவாரத்தில் வேதவல்லி மேடம்

போனில் செய்தி வந்தபோது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார்" என்றாள் வேதவல்லி மேடத்தின் மகள். சரிம்மா என்று சொல்லிவிட்டு வழக்கம்போல ஆபீஸ் பஸ்ஸில் ஏறினேன். ஊர் எல்லையில் இறங்கித் திரும்பி நடந்தேன். அவர் வீட்டுக்குள் போகத் தைரியம் வராமல் கோட்டைப் பக்கம் வரை போய் வந்தேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் இருப்புக்கொள்ளவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் அவர் ஆய்வாளர், நான் கூடப் போகும் எழுத்தர். இருவருக்கும் ஊர் செஞ்சிதான், பன்னிரண்டு வருஷம் ஒரே பஸ். நம் மலைப்பக்கம் புறப்படும் ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும், அதை ஒட்டிய மூன்று மீனவ ஊர்களும் எங்கள் பொறுப்பு. பாறைகளுக்கு நடுவே பிறந்த மேடத்துக்கு நீச்சல் தெரியாது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். ஏறிவிட்டாலோ லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணாமல் இறங்க மாட்டார். யாராவது சலித்துக்கொண்டால், "கடலு நம்மள எண்ணாதுப்பா, நாமதான் எண்ணிக்கணும்" என்பார்.

ஒரு பங்குனியில், விடிந்தும் விடியாத நேரம், கடலுக்குப் போக வேண்டிய ஆமைக் குஞ்சுகள் ஐஸ் பேக்டரி விளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. மேடம் கூடையிலிருந்த புளிசோற்றுப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, குஞ்சுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். புடவை நனைய அவர் அலையில் இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கடைசிக் குஞ்சும் போன பிறகு, "நாப்பத்தி மூணு. இன்னா கோபாலு, சரிதானே?" என்றார். நான் எங்கே எண்ணினேன்? சரி மேடம் என்றேன்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு முந்தின சாயங்காலமே மீனவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். அவர்கள் சார், சார் என்று உருகுவது எனக்குப் பிடித்திருந்தது. படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஊரிலும் சேர்த்து இருந்ததோ பாதிப் பேருக்குத்தான். முதல் ஊரில் மேடம் எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிப்பதற்குள், அவை மூட்டையாக மொபெட்டில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். நாங்கள் பின்னாலேயே ஜீப்பில் போவோம். எனக்குச் சிரிப்பாக இருக்கும். இதனால் யார் குடி கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஏழுமலையின் குடி கெட்டது. ஐப்பசியில் ஆறு வெள்ளமாக வந்த நாளில், முகத்துவாரத்து மணல் திட்டருகே அவர் மீன் பிடிக்கப் போன படகை அலை கவிழ்த்துவிட்டது. படகில் நான்கு பேர், லைஃப் ஜாக்கெட் இரண்டு. மூன்று பேர் கரை சேர்ந்தார்கள், ஏழுமலை சேரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அதே படகில் நான்கு இருப்பதாக மேடம் எழுதியிருந்தார்.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது மேடம் பஸ்ஸில் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன் கோபாலு. ரெண்டப் பாத்து நாலுன்னு எழுதிட்டேன்."

ஜாக்கெட் ஊர் மாறும் கதையைச் சொல்லாமல், விடுங்க மேடம் என்றேன். விசாரணையிலும் அவர் அதையே சொன்னார். பதவி உயர்வு போயிற்று. பக்கத்தில் கைகட்டி நின்ற நான் நல்ல பிள்ளையாகவே இருந்தேன்.

அதன் பிறகு மேடம் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எதையும் இரண்டு தடவை எண்ணினார், பஸ்ஸில் இருக்கும் ஆட்களைக்கூட. சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் கரையில் போய் நிற்பார். ஜாக்கெட் இல்லாத ஒருவரையும் கடலுக்கு விட மாட்டார். நானும் போன் போடுவதை அடியோடு விட்டேன். இன்று அந்த மூன்று ஊரிலும் ஆளுக்கொன்று இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது பாராட்டினால், ஏழுமலைக்கு இல்லாமல் போச்சே என்று நகர்ந்து போய்விடுவார். ஓய்வுபெற்ற பிறகும் அது அவரை விடவில்லை. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன்.

"அன்னிக்கு நீயும் பக்கத்துலதான இருந்த? நான் எத்தினி எண்ணுனேன் கோபாலு?"

ஞாபகம் இல்லை மேடம் என்றேன். பாவி.

காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலையின் மனைவியைத் தேடிப் போனேன். மேடம் அன்று எண்ணியது நான்கு, நான்கும் படகில் இருந்தன, அதில் இரண்டு பக்கத்து ஊரிலிருந்து வந்தவை, முந்தின நாள் போன் போட்டுச் சொன்னவன் நான் என்றேன். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மீன் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வருசா வருசம் மேடம் வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டு அழுதுட்டுப் போவும். அது உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

மேடத்தைத் தெரிந்தவர்களே, உங்களுக்கு அவரைப் பற்றிய நல்ல நினைவுகள் எத்தனையோ இருக்கும். அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷம் அவர் தன் தலையில் போட்டுக்கொண்டு சுமந்த அந்தப் பழியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.