பிரெபெனின் இடது கண்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் பச்சோந்தி வளர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதிகாரம் அம்மாவிடம் இருந்தது. அம்மா டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தார். அங்கே நாள் முழுக்க நோயாளிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர், வீட்டிலும் ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை.

"சுகமெண்டால் எடுப்பம். சின்ன வருத்தமெண்டாலும் விட்டிட்டு வந்திடுவன். பிறகு அழக்கூடாது" என்றார்.

ஒரு டேனிஷ் முதியவர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தார். மூத்தோருக்கான குடியிருப்புக்கு மாறப் போகிறாராம், அங்கே பிராணிகளுக்கு அனுமதி இல்லையாம். பிரெபென் என்ற தன் ஆண் பச்சோந்தியை ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுக்க விரும்பினார். நாங்கள் நல்ல குடும்பம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரெபெனை நினைத்துத்தான் பயம்.

அதே நூலகத்தில் புத்தகம் எடுத்து ஒரே கிழமையில் நான் பச்சோந்தி வைத்தியராகிவிட்டேன். கண் உருண்டு வெளியே நிற்க வேண்டும், குழி விழுந்திருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று பொருள். பகலில் கண் மூடினால் நோய். கிளையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்காது, இலைமேல் தெளித்தால்தான் நக்கிக் குடிக்கும். எச்சம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை இராச்சாப்பாட்டின்போது ஒப்புவித்து, அப்பாவை மேசையைவிட்டு எழும்ப வைத்தேன்.

அம்மாவின் தம்பியான மாமா எங்களைக் காரில் கூட்டிப்போனார். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஓணானுக்குக் கல்லெறிந்த அனுபவம் ஒன்றே போதும் என்று, அவரும் தன்னை ஒரு நிபுணராக நியமித்துக்கொண்டார்.

பிரெபெனின் கூண்டு யன்னலோரம் இருந்தது. பச்சைப் பசேல் என்று, வாலைச் சுருட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தான். மாமா விரலை நீட்டினார். பிரெபென் அதை இறுக்கிப் பிடிக்க, "ஐயோ அக்கா!" என்று நிபுணர் அலறினார். பிடி பிரமாதம் என்று நான் மனதுக்குள் புள்ளி போட்டேன்.

அப்போதுதான் அவனுடைய இடது கண் மெல்ல மூடியது. பாதி திறந்தது. மறுபடி மூடியது.

நான் மாமாவின் கையைச் சுரண்டினேன். மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தடித்த குளிர்ச்சட்டையை விரித்துக்கொண்டு கூண்டின் இடப்பக்கத்தில் கதவு போல நின்றார்.

"அக்கா, இந்தப் பக்கத்தாலை பாருங்கோ. வெளிச்சம் நல்லா விழுது."

அம்மா வரவில்லை. முதியவரோடு டேனிஷில் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். பச்சோந்தி பார்க்க வந்த இடத்தில் என்ன அரட்டை என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கண்ணைத் திறக்கச் சொல்லிக் கூண்டைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் தமிழ் கேட்டது.

"கண் ரெண்டும் உள்ளுக்கை போயிட்டுது தம்பி."

இரண்டுமா? நான் எண்ணியது ஒன்றைத்தானே!

"தோலைப் பாரன், இழுத்து விட்டால் அப்பிடியே நிக்குது. தண்ணியே குடிக்கிறேல்லைப் போல. சாப்பாடும் ஒழுங்காய் இல்லை."

எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அந்த வயதில் நான் தமிழுக்கு டேனிஷில்தான் பதில் சொல்வேன். திரும்பி, டேனிஷில் மளமளவென்று வாதாடினேன். அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, கிண்ணத்தில் கொடுத்தால் அவன் குடிக்க மாட்டான், காலையும் மாலையும் தண்ணீரைத் தெளித்தால் போதும், நாக்கை நீட்டி நக்கிக் குடித்துக்கொள்வான், உயிரோடு நாலு வெட்டுக்கிளி பிடித்து விட்டால் சாப்பாடும் சரியாகிவிடும் என்றேன்.

அம்மா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். அவருடைய விரல்கள் முதியவரின் புறங்கைத் தோலைக் கிள்ளியபடி இருந்தன. தமிழ் தெரியாத முதியவரோ மகிழ்ச்சியோடு தலையாட்டினார். சரியாகச் சொன்னாய், நானும் தினமும் அப்படித்தான் செய்கிறேன் என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிள்ளை, நான் ஓணானைச் சொல்லேல்லை. இவரைச் சொல்லுறன்!"

நோய் அந்த முதியவருக்குத்தானா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அம்மா யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் போனார். பழப்பாகைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு குவளை குடிக்க வைத்தார். யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டார். மகள் தூரத்தில், விபோர்க் நகரில் இருக்கிறாள், வேலை அதிகம் என்றார் முதியவர். மாமா இவ்வளவு நேரமும் குளிர்ச்சட்டையை விரித்தபடி வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

கடைசியில் அம்மா எழுந்து, கூண்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சரி, தூக்குங்கோ."

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வாழ்க்கையின் மாபெரும் மோசடி வெற்றி பெற்றுவிட்டது. கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். முதல் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, முன்னால் இருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்.

"அந்த இடக் கண்ணை நாளைக்கே மிருக வைத்தியரிட்டைக் காட்ட வேணும்."

பச்சை விளக்கு வந்தும் மாமா காரை எடுக்கவில்லை.

தெரிந்தும் ஏன் எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. என் கண்ணீருக்கு இரங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிரெபெனின் கண் சொட்டு மருந்தில் பத்து நாளில் குணமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவோடு எனக்கு ஒரு பெரிய தொல்லை தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த முதியவருக்குத் தொலைபேசி எடுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை வெட்டுக்கிளி, எத்தனை தரம் தண்ணீர் என்று விசாரிப்பார். அவரும் அரை மணி நேரம் விளக்குவார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இன்றைக்கு எத்தனை குவளை குடித்தீர்கள் என்பார்.

வெட்டுக்கிளிக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் நான் பெரிய எழுத்தில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். ஓடிப்போய் அதைக் காட்டுவேன். அம்மா கையால் என்னை ஒதுக்கிவிட்டு, தண்ணீரை இலையில் தெளிப்பதா கிண்ணத்தில் வைப்பதா என்று முதலிலிருந்து கேட்பார். ஒரு வருடமாகியும் இவ்வளவு சின்ன விஷயம் அம்மாவுக்கு விளங்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.