கமலேஸ்வரியின் காது

கமலேஸ்வரியைத் திட்டவேண்டும் என்றால் முகத்துக்கு நேரே நின்று திட்டவேண்டும். முதுகுக்குப் பின்னால் திட்டினால் அது காற்றோடு போய்விடும். பத்தொன்பது வயதில் சொந்த ஊரான கிளிவெட்டியில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது. நன்றாகப் பேசுவாள், தேவைக்கு மேலேயே பேசுவாள். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று பிடித்துவிடுவாள். பெரிய மீசைக்காரரோடும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர்களோடும்தான் அவளுக்குச் சிரமம். நான் வெற்றிலை போடுகிறவள். எங்களுக்குள் வந்த சண்டைகளில் பாதி அவள் பிழையாக விளங்கியதால் வந்தது. மற்றப் பாதி அவள் சரியாக விளங்கியதால் வந்தது.

ஓர்ஸ் ஹில்லில் பதினொரு வருஷமாக அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு மதில். நான் அவளுக்கு ராத்தா, எங்கள் பேச்சில் அக்கா. தையல்தான் அவளுக்குப் பிழைப்பு. மெஷின் ஓடும் சத்தம் கேட்காது என்பதால் இடது உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டே தைப்பாள். நூல் சிக்கப் போவது அந்தக் கைக்கு முன்னதாகவே தெரிந்துவிடும். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கேட்டு வந்தவை எல்லாரும் மெல்லமாக் கதைச்சவை, ராத்தா," என்றாள். அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வீட்டில் காது என்று ஒன்று இருந்தது சூட்டிக்குத்தான். சூட்டி அவளுடைய நாய். எட்டு வயது, மண்ணிறம். கேற்றடிக்கு அந்நியர் யாரும் வந்தால் மெஷினுக்குக் குறுக்கே பாய்ந்து ஓடிப்போய்க் குரைக்கும். அது ஓடுவதைக் கண்டு அவள் எழுந்து வருவாள். தெரிந்தவர் வந்தால் குரைக்காது. நேரே அவளிடம் போய் உடுப்பின் விளிம்பைப் பல்லால் பிடித்து இழுக்கும். மீன்காரரைத் தெரியும், தபால்காரரைத் தெரியும், ஓட்டோ ஓட்டுகிற என் கணவர் முத்தலிபைக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் எட்டு வருஷமாகக் குரைத்துக்கொண்டே இருந்தது. நானும் அதற்கு நல்லது செய்தவள் இல்லை. நாயின் எச்சில் உடுப்பில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரில். ஐந்து நேரம் தொழுகைக்கு நிற்கிறவளுக்கு அந்த வில்லங்கம் எதற்கு? "முதல்ல நாயக் கட்டு, கமலேசு" என்று சைகை காட்டிவிட்டுத்தான் உள்ளே காலடி வைப்பேன்.

போன ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை அது. மூன்று மாதமாக மழை இல்லை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நெருப்பாக வீசியது. தேனீக்கள்கூடத் தண்ணீருக்கு அலைந்து, கொய்யா மரத்தடியில் சூட்டியின் தண்ணீர்ச் சட்டியில் வந்து மொய்க்கும். பகல் பன்னிரண்டரை இருக்கும். நாய் வீறிட்ட சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் பார்த்தேன். சூட்டி மூஞ்சையை மண்ணில் தேய்த்தபடி சுழன்றுகொண்டிருந்தது. சட்டியைச் சுற்றித் தேனீ. தண்ணீர் குடிக்கப் போய், பறந்ததைக் கவ்வியிருக்கிறது.

கமலேஸ்வரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி என்ன பலன்? மதிலோரம் கிடந்த கொய்யாக்காய் ஒன்றை எடுத்து ஜன்னலுக்குள்ளால் எறிந்தேன். முதுகில் பட்டது. கோபத்தோடு திரும்பியவள் என் கை காட்டிய பக்கம் பார்த்ததும் ஓடினாள்.

"வாய்க்குள்ளை குத்திப்போட்டுது, ராத்தா! உதடு வீங்குது! என்ன செய்ய?"

என்ன செய்ய என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்குக் குளவி கொட்டியபோதெல்லாம் சுண்ணாம்பு தடவித்தான் ஆற்றினேன். வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்பை ஓர் இலையில் வழித்து மதிலுக்கு மேலால் நீட்டினேன். "இந்தா, நல்லா அப்பிவிடு. பத்து நிமிசத்தில வத்திரும்."

அவள் அப்பினாள். மனிதருக்குப் பூசினால் மனிதர் சும்மா இருப்பார். நாய்க்கு நொந்த இடத்தை நக்கத்தான் தெரியும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. சூட்டி அவ்வளவையும் நக்கி எடுத்தது. பிறகு தலையை உதறி உதறிக் கத்தியது. வாயிலிருந்து நுரை கொட்டியது. பத்து நிமிஷத்தில் வற்றவேண்டிய வீக்கம், ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு கழுத்துப் பக்கம் இறங்கியது.

முத்தலிப் ஜும்மாவுக்குப் போயிருந்தார். போனை நிறுத்தி வைத்திருந்தார். கமலேஸ்வரி நாயைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓட, நானும் பின்னால் ஓடினேன். ஓர் ஓட்டோ நின்றது. சாரதி நுரையைப் பார்த்தார். "விசர் நாயா? எனக்கு ஏலாது, அம்மா," என்று போய்விட்டார். இரண்டாவது ஓட்டோ நிற்கவே இல்லை. இருபது நிமிஷம் வெயிலில் நின்றோம். அந்த நுரை தேனீயால் வந்தது இல்லை, என் சுண்ணாம்பால் வந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். இந்த நாய் செத்தால் அவளுடைய காதை இரண்டாம் தரம் பறித்தவள் நான்தான்.

ஜும்மா முடிந்து போனைத் திறந்ததும் என் அழைப்புகளைக் கண்டு, முத்தலிப் தொப்பியோடேயே ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் சீற்றைப் பார்த்துத் தயங்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சீற்றக் கழுவிக்கலாம், மைமூனா. உசிரு போனா வருமா? ஏறு!"

மிருக ஆஸ்பத்திரியில் தயாளினி டொக்டர் சுறுக்காகத்தான் வேலை செய்தார். முதலில் வாய்க்குள் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சிச் சுண்ணாம்பைக் கழுவினார். உதட்டின் உட்பக்கத்தில் இரண்டு கொடுக்கு. நசுக்கினால் இருக்கிற விஷமும் இறங்கிவிடும் என்று சொல்லி, ஓர் அட்டையின் விளிம்பால் சுரண்டி எடுத்தார். ஊசி போட்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். வாயில் மாஸ்க். கமலேஸ்வரி டொக்டரின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். டொக்டர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"ஆர் இதுக்குச் சுண்ணாம்பு பூசச் சொன்னது? நாக்கு வெந்துபோய்க் கிடக்குது. ரெண்டு நாளைக்குச் சாப்பிட ஏலாது. கொட்டினா ஐஸைத் துணியிலை சுத்தி வச்சுக்கொண்டு உடனை இஞ்சை கொண்டு வரவேணும். சரி, இனி கவனமாக் கேளுங்கோ. வீக்கம் திரும்பத் தொண்டைக்குள்ளை வரலாம். பொழுதுபடுமட்டும் பக்கத்திலை இருந்து மூச்சைக் கேளுங்கோ. விசில் மாதிரி இழுத்தா, பல்லு முரசு வெளிறினா, ஒரு நிமிசமும் நிக்கவேண்டாம், கொண்டு வாங்கோ."

"என்னவாம், ராத்தா?" என்றாள் கமலேஸ்வரி.

"மூச்சுல விசில் சத்தம் வருதா எண்டு பார்க்கட்டாம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சுண்ணாம்பை முழுங்கிவிட்டேன்.

அவள் கையைத் தன் காதில் வைத்தாள். அப்படியே என்னைப் பார்த்தாள். மெஷின் ஓட்டத்தைக் கையால் அறிகிறவளுக்கு விலா ஏறி இறங்குவதும் தெரியும். விசில் தெரியாது. அதற்குக் காது வேண்டும்.

அப்படித்தான் எட்டு வருஷமாக ஐந்தடிக்குக் கிட்டப் போகாத நாயின் தலைமாட்டில், தையல் அறைச் சீமெந்துத் தரையில் நான் உட்கார்ந்தேன். பின்நேரம் மூன்று மணி. ஃபேனை நிறுத்தினோம், அதன் சத்தத்தில் மூச்சுக் கேட்கவில்லை. வியர்வை ஊற்றியது. கமலேஸ்வரி எதிரில் இருந்தாள். அவளுடைய கண் நாயில் இல்லை, என் முகத்தில் இருந்தது. நான் புருவத்தைச் சுருக்கினால் அவளும் சுருக்கினாள். எச்சில் வந்தால் தொண்டையை அசைக்கப் பயமாக இருந்தது. இவ்வளவு கவனமாக என்னை என் புருஷனே பார்த்ததில்லை. அஸர் தொழுகைக்கு எழுந்து போய், முக்காட்டை மாற்றித் தொழுதுவிட்டு, திரும்ப அதே பழைய முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தேன். ஒன்று கெட்டது போதும்.

ஐந்தரை மணி இருக்கும். அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய, இழுபட்ட சத்தம். விசில்.

குனிந்து காதை நாயின் வாயோடு வைத்தேன். எச்சில் கன்னத்தில் பட்டது. சூட்டியின் மூச்சு கரகரவென்று இருந்தது, ஆனால் நேராகப் போய் நேராக வந்தது. விசில் அங்கே இல்லை. திரும்பவும் கேட்டது. நிமிர்ந்தேன். சத்தம் கமலேஸ்வரியிடமிருந்து வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, அழவில்லை என்று நினைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மூக்கால் சத்தம் வருவது அவளுக்குத் தெரியாது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து வெற்றிலையும் போட்டிருக்கவில்லை. அவளுடைய தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"கமலேசு, பாரு. நாக்கு வெந்தது சுண்ணாம்பால. நான் தந்த சுண்ணாம்பால. டொக்டர் சொன்னவ. நான் உனக்கு மறைச்சிட்டன்."

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"தெரியும், ராத்தா."

"எப்பிடித் தெரியும்? அவட வாய் மூடித்தானே இருந்த?"

"டொக்டரின்ரை மாஸ்க் எவ்வளவு நேரம் ஆடினது. நீங்கள் ஒரு வசனம்தான் சொன்னனீங்கள்."

"அப்ப ஏன் என்னக் கேக்கல்ல?"

"கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும். நீங்கள் எழும்பிப் போயிருப்பியள்," என்றாள். "எனக்குக் காது வேணுமாயிருந்தது."

குனிந்து திரும்பவும் காதை வைத்தேன். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுமட்டும் எடுக்கவில்லை. வீக்கம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வீட்டுக்குப் போய் முக்காட்டை மண் தண்ணீரில் ஒரு தரமும் வெறும் தண்ணீரில் ஆறு தரமும் கழுவிக் கொடியில் போட்டேன். முத்தலிப் பார்த்தும் பார்க்காதவர் போலப் போனார்.

விடிந்ததும், வடித்த கஞ்சியை ஆறவைத்து ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக என் செருப்புச் சத்தம் கேட்டதுமே குரைப்புத் தொடங்கிவிடும். கேற்றடியில் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. கேற்றைத் தட்டினேன். இல்லை. வீக்கம் இரவில் தொண்டைக்குள் இறங்கியிருக்கும், நான் படுத்திருந்த நேரத்தில் அந்த விசில் வந்திருக்கும், கேட்க ஆள் இல்லாமல் முடிந்திருக்கும் என்று என் புத்தி ஓடியது. அல்லாஹ்வே, அவளுடைய முகத்தில் எப்படி முழிப்பேன்?

கதவு திறந்தது. கமலேஸ்வரி வந்து கேற்றைத் திறந்தாள்.

"சூட்டி?" என்றேன்.

அவள் தான் உடுத்திருந்த சோட்டிக் கவுனின் விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். ஈரமாக இருந்தது, பல் பதிந்து கசங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் கோணல் முகத்தோடு சூட்டி நின்றது.

பாவம், நாக்கு வெந்ததில் குரைக்க முடியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். என் சுண்ணாம்பு அதன் சத்தத்தையும் எடுத்துவிட்டது என்று மனம் நொந்தது. அந்த நேரம் மின்சார மீட்டர் பார்க்கிறவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். சூட்டி என்னை உரசிக்கொண்டு பாய்ந்து, அடைத்த தொண்டையால் அந்த மனிதரைப் பார்த்துக் குரை குரை என்று குரைத்தது.

அவருக்குக் குரைத்தது. எனக்குக் குரைக்கவில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மீட்டர்காரர் பார்க்கிறாரே என்றுகூட வெட்கப்படாமல், அந்தக் கேற்றடியிலேயே நின்று அழுதேன்.