கீழே வைக்கக் கூடாத சொம்பு

இளம்பிள்ளையில் தெருவோடு தறிப் பாவு விரித்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். ஜேடர்பாளையத்திலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. செங்கோடன் போய்விட்டாராம். மத்தியானம் சோறு உண்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நோய் இல்லை, நொடி இல்லை. என் வாயில் முதலில் வந்தது, "இதுலயும் முந்திக்கிட்டானா!" என்பதுதான். வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கள் இருவரையும் தெரிந்த நீங்கள் யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தீர்த்த ஓட்டத்தைப் பார்த்திராத இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த உலகச் சண்டை வந்து அது நின்றுபோகும்வரை, சித்திரை நோம்பித் திருவிழாவுக்கு ஜேடர்பாளையத்தில் காவிரித் தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் மொண்டு, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்படுவோம். திருச்செங்கோடு, சங்ககிரி, இளம்பிள்ளை, சேலம், அயோத்தியாப்பட்டணம், ராசிபுரம், நாமக்கல் என்று சுற்றி ஓடி, மறுபடி ஜேடர்பாளையத்து ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலுக்கே வந்து சேர வேண்டும். இரவும் பகலுமாக மூன்று நாள் ஆகும். வழியில் ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் பூசாரி சொம்பில் மஞ்சளை அப்புவார். வந்து போனதற்கு அதுவே சாட்சி. முதலில் வந்து சேரும் சொம்பின் தண்ணீர்தான் அம்மன் தலையில் முதலில் விழும். அந்தச் சொம்புக்கு உடையவன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். இந்த உலகத்தில் நான் ஆசைப்பட்டது அந்த ஒரு துண்டுத் துணிக்குத்தான்.

சொம்பு தரையில் படக் கூடாது. பட்டால் ஓட்டம் அதோடு சரி. உண்ணவோ ஒதுங்கவோ கண்ணயரவோ வேண்டுமென்றால், உடன் ஓடுகிறவன் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். பூசாரியைத் தவிர வேறு யார் தொட்டாலும் செல்லாது. சங்ககிரி தாண்டிவிட்டால் முன்னால் ஓடுவது எப்போதும் நாங்கள் இருவர்தான். ஆகவே எவரைத் தோற்கடிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேனோ, அவர் தூங்க நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புளியமரத்து நிழலில் துண்டை விரித்து, "புடி மாதையா, முழிச்சு வாங்கிக்கறேன்" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் குறட்டை வரும். நான் படுத்தால் தூக்கம் வராது. அந்தத் தூக்கத்தைப் பார்த்தே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதைப் பார்த்துத்தான் வரவில்லை! ஊருக்கு ஊர் பெண்கள் மோர்க்கலயத்தோடு நிற்பார்கள். "செங்கோடண்ணன் வாராருங்கோ!" என்று ஓடிவந்து அவருக்கு ஊற்றுவார்கள். கலயத்தின் அடியில் கிடக்கும் கறிவேப்பிலை எனக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் தீர்த்த ஓட்டம் விளையாடும்போது எல்லாருக்கும் செங்கோடனாக இருக்கத்தான் ஆசை. அழுகிற பையனைப் பிடித்து மாதையன் ஆக்குவார்கள். அதில் ஒருவன் என் மகன்.

நாமக்கல் தாண்டியதும்தான் உண்மையான போட்டி. அதுவரை ஒருவருக்கு ஒருவர் தேவை. அதற்கு மேல் தூக்கமும் வேண்டாம், துணையும் வேண்டாம். அங்கே அவர் ஒரு முறை செருமிக்கொண்டு வேகம் பிடிப்பார். ஒவ்வொரு வருஷமும் பரமத்தி வழி நெடுக நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். என் மனைவியின் முகத்தைவிட அந்த முதுகு எனக்குப் பழக்கம். இவ்வளவு ஓடும் சூட்சுமம் என்ன என்று ஒரு முறை கேட்டேன். "காலு ஓடறதெல்லாம் சங்ககிரி மட்டுந்தான். அதுக்கு மேல ஓடறது வீம்பு" என்றார். வீம்பு என்னிடம் மட்டும் குறைவா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

கடைசி ஓட்டத்தில் ராசிபுரத்துக்கு அப்பால் என் முழங்கால் பூட்டிக்கொண்டது. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. நடு வழியில் அழுதேன்.

"நீ போப்பா," என்றேன்.

"உன் சொம்பு?"

"ஆத்துல ஊத்து."

"ஆத்தாளுக்கு மொண்ட தண்ணிய ஊத்தறதாவது? குடு இப்படி," என்று பிடுங்கிக்கொண்டார். இரண்டு கையிலும் இரண்டு சொம்போடு ஓடினார். அவற்றை வாங்கிப் பிடிக்க இனி வழியில் ஆள் இல்லை. ஜேடர்பாளையம்வரை அவரால் உட்காரக்கூட முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனார்கள். செங்கோடன் ஒரு சொம்பை முதலில் நீட்டினாராம். பூசாரி தண்ணீரை அம்மன் தலையில் ஊற்றி, சொம்பைக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்த பேரை உரக்க வாசித்தாராம். என் பேர். சனம் ஓவென்று கத்தியதாம். "ஓடாதவனுக்கா பரிவட்டம்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆத்தாளுக்குத் தண்ணிதாங்க கணக்கு, காலு கணக்கில்லை" என்று பூசாரி சொல்லிவிட்டார். என் தலையில் துணி ஏறியது. ஊர் வாயில் ஏறியது செங்கோடன் பேர். சினேகிதனுக்கு விட்டுக்கொடுத்த மகராசன் என்று காலில் விழுந்தார்கள். அவர் தூணில் சாய்ந்து நின்றார். ஜெயித்தாலும் அவருக்கே பேர், தோற்றாலும் அவருக்கே பேர். எனக்குக் கிடைத்தது பிச்சை. அன்று முதல் அந்தப் பெருந்தன்மையை நான் மன்னிக்கவில்லை.

இப்போது ஜேடர்பாளையத்தில் எலும்பு பொறுக்கும் காடாற்றுச் சடங்கு முடிந்து எல்லாரும் கலைந்த பின், செங்கோடன் மனைவி பாவாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு சாமி."

"அன்னிக்கு அவரு உங்களுக்கு உட்டுக் குடுக்கலைங்க. தூக்கமில்லாம கண்ணு கட்டிப் போச்சாம். ரெண்டு சொம்பும் ஒரே மஞ்சளா இருந்துச்சு, எது தன்னுதுன்னு தெரியலையாம். கைக்கு வந்தத நீட்டிப்போட்டாரு. உங்களுக்குப் பரிவட்டம் கட்டுனதும் ஊட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு அழுதாருங்க. ஊரே கும்புடறப்ப, மாறிப்போச்சுன்னு எப்படிங்க சொல்லுவாரு?"

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, வயித்தெரிச்சல்தான். 'வண்டியில வந்தவனுக்குப் பரிவட்டமாக்கும்'னு போன மாசங்கூடச் சொல்லிக் காறித் துப்புனாரு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துக்க வீடு என்பதால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவரா? என்னைப் பார்த்தா? அத்தனை வருஷமும் நான் இங்கே தறிக்குழியில் உட்கார்ந்து வெந்தபோது, அவரும் அங்கே வரப்பில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தப் பொறாமை ஓட்டத்தில் மட்டும் நாங்கள் தோளோடு தோள் சேர்ந்தே வந்திருக்கிறோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என் ஜெயத்தை நினைத்து எரிந்த ஒரே வயிறு சுடுகாட்டில் எரிந்து முடிந்துவிட்டது. துண்டு எப்படியும் முகத்தில்தான் இருந்தது, அப்படியே அழுதேன்.

புறப்படும்போது பாவாயி உத்தரத்துக் கொக்கியிலிருந்து அவருடைய சொம்பை எடுத்துக் கொடுத்தாள். அதை அவர் ஒரு நாளும் தரையில் வைக்க விட்டதில்லையாம். இனி என் நூல் அலமாரிக்கு மேலே, என் சொம்பின் பக்கத்தில் அது தொங்கும். அவருடைய வேகம் எனக்கு வாய்க்கவில்லை, தூக்கமும் வாய்க்கவில்லை. அவர் பொறாமையில் எனக்கு உரிய பங்கு வாய்த்தது. அதை யாருக்கும் தர மாட்டேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் சேலம் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னிடம் கண்டக்டர் சொன்னார்: "கையி நோகுமுங்க. கீழ வெச்சுட்டுக் கம்பியப் புடியுங்க."

"கீழ வெக்கக் கூடாதுங்க. இது என்கூட ஓடறவரு சொம்பு."

"அவரு எங்கிங்க?"

"தூங்கறாருங்க," என்றேன். "முழிச்சு வாங்கிக்குவாரு."