பதினோராவது ஓட்டு

நாலு பேர் முன்னால் தட்டிக்கழிக்க முடியாமல் செய்த சத்தியத்தை மீறினால், அது தவறுதானா? ஏழு வருடங்களாக இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. பல நாள் 'இல்லை' என்றுதான் தோன்றும். குழந்தைக்கு இரண்டு நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால் 'ஆமாம்' என்று தோன்றும். காய்ச்சலுக்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாத அளவுக்குப் படிக்காதவள் இல்லை நான். ஆனாலும் தெர்மாமீட்டரை உதறும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது.

1972-ல் செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எங்கள் கல்லூரியில் பேரவைத் தலைவரை எல்லா மாணவர்களும் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பும் முதலில் ஒரு பிரதிநிதியை அனுப்பும். அந்த இருபத்தொரு பேர் கூடி ரகசிய ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே போட்டியிடுகிறவர் கல்லூரி முழுவதையும் கெஞ்ச வேண்டியதில்லை. பதினொரு பேரைப் பிடித்தால் போதும். பிடித்தவர்களை எதிர்க்கட்சி கலைத்துவிடாமல் இருக்க, ஓட்டுக்கு முந்தின நாள் எங்காவது 'டூர்' கூட்டிப் போய்விடுவது வழக்கம்.

எங்கள் வகுப்பில் பையன்கள் இரண்டு கோஷ்டியாகச் சண்டை போட்டதில், யாருக்கும் பொல்லாப்பில்லாத ஆள் என்று என்னைப் பிரதிநிதியாக்கிவிட்டார்கள். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் உள்ளூர் ரைஸ் மில் முதலாளியின் மகன்; கல்லூரியில் அவரை மில்காரர் என்றுதான் சொல்வோம். இன்னொருவர் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்.

மில்காரர் வேன் ஏற்பாடு செய்து மகாபலிபுரம் கூட்டிப் போனார். எனக்கு இஷ்டமில்லை. துணைக்கு அவருடைய அக்கா வருவதாக என் வீட்டிலேயே வந்து சொல்லிவிட்டார்கள். அப்பா தலையாட்டிவிட்டார். மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, கிளம்பிவிட்டேன். வேனில் பிரதிநிதிகள் சரியாகப் பதினொரு பேர். கடற்கரையில் சாப்பாடு, போட்டோ எல்லாம் ஆயிற்று. திரும்பும்போது எங்கள் ஊர் மலையடிவாரத்தில் வேனை நிறுத்தி, ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். ஓட்டு மில்காரருக்குத்தான் என்று ஒவ்வொருவராகக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம்.

நான் தயங்கினேன். அந்த அக்கா சிரித்தார்.

"இன்னாம்மா, சுடும்னு பயமா? சும்மா பட்டுனு தட்டிடு, வூட்டுக்குப் போவணும் இல்ல?"

தட்டிவிட்டேன்.

எங்களில் ஒருவர் மட்டும் அணைக்கவில்லை. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பையன், வரலாற்று வகுப்புப் பிரதிநிதி. "மச்சான், எனக்கு இதெல்லாம் வழக்கமில்ல. ஓட்டு உனக்குத்தான்னு சொல்லிட்டேன், அவ்ளோதான்" என்றார். மில்காரர் அவர் தோளில் தட்டி, "உன்னைத் தெரியாதாடா" என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பிசிக்ஸ் லேபில் ஓட்டு. சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு பஸ்தான் நினைவுக்கு வந்தது. முந்தின வருடம் வரை மாலை பஸ் கல்லூரி வாசலில் நிற்காது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஸ்டாண்டுக்கு ஓடுவதற்குள் போய்விடும். கையெழுத்து வாங்கி, டிப்போவுக்கு நாலு தடவை நடந்து, அதை வாசலில் நிற்க வைத்தவர் அந்த ஹாஸ்டல்காரர். அதைச் சொல்லிக்கூட அவர் ஓட்டுக் கேட்கவில்லை. அவர் பெயருக்கு நேராகக் குறியிட்டு, மடித்து, சாக்பீஸ் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பேராசிரியர் எண்ணினார். ஹாஸ்டல்காரருக்குப் பதினொன்று, மில்காரருக்குப் பத்து. குறியை வைத்து யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சீட்டுகளை அங்கேயே பர்னரில் காட்டி எரித்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் கூச்சல்.

"டேய், கற்பூரம் அணைக்காதவன் நீ ஒருத்தன்தான்டா! எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா?"

"அல்லா மேல ஆணையா, அவனுக்குத்தான் போட்டேன்."

"நேத்து பண்ணாத சத்தியத்த இன்னிக்குப் பண்றான் பாருடா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை அணைத்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றேன். ஒருவர்கூட என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. "சிஸ்டர், நீங்க போங்க, பஸ்ஸு வந்துடும்" என்றார் ஒருவர், மரியாதையாக. போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தத் துணிக்கடை வீட்டுக்காரரோடு யாரும் சேரவில்லை. அவர் உள்ளே வந்தால் கேன்டீனில் பெஞ்சு காலியாகும். ஃபுட்பால் டீமிலும் ஒதுக்கினார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் போவேன். கல்லூரி வாசலில் தைரியம் போய்விடும். அந்த வருடக் கடைசியில் அவர் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணமாகி நானும் செங்கல்பட்டுக்கே வந்தேன். போன மாதம் மகளுக்குக் கவுன் எடுக்க பஜாருக்குப் போனபோது, வேறு எங்கும் அளவு கிடைக்காமல் அவர் கடையில் ஏறினேன்.

"நீங்க மேத்ஸ் ரெப்தானே?" என்றார் உடனே. சிரித்த முகம். கவுன்களை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம மில்காரன் இன்னும் இந்தப் பக்கம் வந்தா மூஞ்சத் திருப்பிகினு போறான். ஒரு ஓட்டுக்கு இன்னா கோவம் பாருங்க!" பிறகு கை நின்றது. "நான் மாத்திப் போடலங்க. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகளுக்கு ஒரு ரிப்பனை இனாமாகக் கட்டிவிட்டு, "மாமாகிட்ட டாட்டா சொல்லு" என்றார். அவரை நம்புவதற்கு இந்த ஊரில் என்னிடம் இருக்கும் காரணம் வேறு யாரிடமும் இல்லை. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். "ரகசிய ஓட்டு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் கமிட்டியில் மில்காரரின் அப்பா இருப்பதையும் ஞாபகப்படுத்தினார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

நான் போட்ட ஓட்டுக்காக நான் வருந்தவில்லை. அன்று வராந்தாவிலிருந்து பஸ்ஸுக்குப் போனேனே, அதற்குத்தான் வருந்துகிறேன். இத்தனை வருடம் கழித்து உண்மையைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லை, இனிமேல் என் மீது வரும் வெறுப்பையும் சேர்த்து அவர் சுமக்க வேண்டியிருக்குமா? அவரிடம் மட்டும் சொல்வதா, மில்காரரிடமும் சொல்வதா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். பண்டிகைக்குள் மகளுக்கு இன்னொரு கவுன் எடுக்க வேண்டும். எந்தக் கடைக்குப் போவதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.