எங்கள் கிளினிக்குக்குச் செயற்கை அறிவு வந்த மூன்று மாதம்

கிளினிக் மானேஜர் என்பவன் ஊசி போடத் தெரியாதவன், மருந்து கொடுக்க அனுமதி இல்லாதவன், ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஏச்சு வாங்கச் சம்பளத்துக்கு வைக்கப்பட்டவன். கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெடாஸ் பக்கம், ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் கிளினிக். ஒரு லேடி டாக்டர், இரண்டு நர்ஸ், கவுண்டரில் பரமேஸ்வரி, அவளை மேய்க்க நான். சிரம்பானில் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் படம் படமாகப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், "எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கும் டாக்டர், கவுண்டர்ல ஒரு ஆள் மிச்சம்" என்று வாயை விட்டது நான்தான். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்றார் டாக்டர். அந்த மிச்ச ஆள் பரமேஸ்வரி. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். விஷயம் அவளுக்கும் தெரியும். மிஷினைப் பொருத்த வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இதுக்கு இ.பி.எப். கட்ட வேணாம்ல அண்ணே?"

சாப்பு மட்டும்

வாட்சாப்பில் பதில் சொல்லும் வேலையை முதலில் ஏஐயிடம் கொடுத்தேன். எப்படிப் பேச வேண்டும் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெரிய மேதாவி மாதிரி, "யார் மனமும் கோணாமல் பேசு, எதற்கும் முடியாது என்று சொல்லாதே" என்று எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை செனாவாங் பேக்டரி ஆள் ஒருவர் இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கேட்டிருக்கிறார். "கண்டிப்பாக, நன்றாக ஓய்வெடுங்கள்" என்று பதில் போய்விட்டது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். என்ன சீக்கு என்று கேட்டேன். போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, மேசையில் இருந்த ரப்பர் முத்திரையைக் காட்டினார். "மிஷினே எம்.சி. குடுத்துருச்சுலா பாஸ். டாக்டர எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீங்க சாப்பு மட்டும் குத்துங்க."

மழை நாள்

அடுத்தது, நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் வித்தை. "புதன்கிழமை பலத்த மழை, கூட்டம் குறைவு" என்றது. அதை நம்பி இரண்டு நர்ஸுக்கும் லீவு கொடுத்துவிட்டேன். பரமேஸ்வரி ஏதோ சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

புதன்கிழமை எட்டு மணிக்கு, ஐயோ சாமி, குடையும் பிளாஸ்டிக் பையுமாக வாசல் வரைக்கும் ஆள். நான் ஈரத் தரையைத் துடைத்தேன், நம்பர் கூப்பிட்டேன், அழுத குழந்தையைத் தூக்கினேன், அது என் சட்டையில் வாந்தி எடுத்தது. சட்டையைத் துடைக்கத் துணியை நீட்டிக்கொண்டே பரமேஸ்வரி சொன்னாள்: "மழன்னா மரம் சீவ முடியாதுல்ல அண்ணே. வேல இல்லாத அன்னிக்குத்தான் நம்ம சனம் சீக்குப் பாக்க வரும்."

ஸ்கேமர்

மருந்து முடியும் நாள் பார்த்து நோயாளிகளைக் கூப்பிட ஒரு குரலும் உண்டு. பெண் குரல், வானொலிச் செய்தி மாதிரிச் சுத்தத் தமிழ். எடுத்த எடுப்பில் "தங்கள் அடையாள அட்டை எண்ணைக் கூறவும்" என்று கேட்கும். யாரிடம்? தினம் ஒரு ஸ்கேம் மோசடிக் கதை கேட்டு நடுங்கிக் கிடக்கும் நம் சனத்திடம்!

முனியாண்டி அண்ணன் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆள் மேய்த்து ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர்க்காரர், மாதா மாதம் எங்களிடம் சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த என்னை ஓரமாக இழுத்துப் போனார். எங்கள் கிளினிக் பேரைச் சொல்லி ஒரு பொம்பளை ஐ.சி. நம்பர் கேட்டாளாம், ஏசு ஏசென்று ஏசி நம்பரையே புளோக் பண்ணிவிட்டாராம். அது எங்கள் குரல்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நன்றி அண்ணே என்று மட்டும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "ஒனக்கு வெவரம் பத்தாதுய்யா. பரமேஸ்வரிகிட்டச் சொல்லி வை."

நான் சொல்லவில்லை.

நீக்கவா?

அறிக்கை கொடுக்க இரண்டு வாரம். அந்தக் குரல் கூப்பிட்டுப் போனை எடுக்காதவர்களால், மிஷின் எங்களுக்குப் போடும் மதிப்பெண் சிவப்பில் கிடந்தது. "இவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கவா?" என்று மிஷினே மரியாதையாகக் கேட்டது. நீக்கு ராஜா என்று அமுக்கினேன். திரை பச்சையாகிவிட்டது. அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பத்து நாள் கழித்து, மண்டோர் மருந்து வாங்க வரவில்லையே என்றாள் பரமேஸ்வரி. பட்டியலில் யாரும் பாக்கி இல்லை என்றேன். அவள் திரையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், வேலை முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டாள். மனிதர் மருந்து இல்லாமல், செம்பனை முள் குத்திய காலில் மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலும் இல்லை என்றார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் மண்டோரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பொய் சொல்வானேன், தேம்பித்தான் அழுதேன். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி சொன்னார்: "அட, அது நம்ம பொம்பளதானா? அன்னிக்கே சொல்லியிருந்தா மருந்துக்கு வந்திருப்பேனேய்யா."

அறிக்கை

எதையும் மறைக்காமல் எழுதினேன். எம்.சி., மழை, பாசார், நீக்கு பொத்தான், விரல், எல்லாம். டாக்டர் நிதானமாகப் படித்தார். வெளியே பரமேஸ்வரி யாரையோ போனில், மாத்திரை தீர்ந்துபோச்சா, ஏன் இன்னும் வரலை என்று அதட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மிஷின் இருக்கட்டும், அதை இனிமேல் பரமேஸ்வரி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "கவுண்டர்ல ஒரு ஆள் மிச்சம்னு சொன்னீங்களே, அது சரிதான். ஆளத்தான் மாத்திச் சொல்லிட்டீங்க."

இப்போது மிஷினுக்கும் எனக்கும் பரமேஸ்வரிதான் வேலை சொல்லிக் கொடுக்கிறாள், எங்கள் இரண்டு பேரில் அதுதான் கொஞ்சம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.