கரணத்தை நிறுத்த முடியாத புறா

1. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அண்ணன் கரணப் புறா வளர்க்கிறார். பறக்கும்போது நடுவானில் குட்டிக்கரணம் போடும் சாதி அது.

2. அதிகக் கரணம் போடும் ஆணையும் பெண்ணையும் மட்டுமே ஜோடி சேர்ப்பார். எண்ணிச் சொல்வது என் வேலை.

3. அப்படிச் சேர்த்த ஜோடியின் குஞ்சு ஒன்று போன மாதம் முதன்முறையாக உயரப் பறந்தது. கரணத்தை நிறுத்த முடியாமல் உருண்டுகொண்டே வந்து பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழுந்தது.

அதை எடுத்துவந்த பக்கத்து வீட்டுச் சேட்டன், "இதை சர்க்கஸுக்குக் கொடுத்தூடே, ராவுத்தரே?" என்று, கொடுத்துவிடக் கூடாதா என மலையாளத்தில் அண்ணனைக் கேலி செய்தார்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். இறக்கை, கால், கண் எல்லாவற்றையும் சோதித்தேன். எங்கும் அடியில்லை. ஆனால் கீழே விட்டதும், இறக்கையை விரித்த குஞ்சு தரையிலேயே உருண்டது.

"கூடப்பிறந்த பெட்டையை இதுக்குச் சேத்தா எப்படி இருக்கும், பாரு," என்றார் அண்ணன்.

"பறக்காத புறாதான் கிடைக்கும்ண்ணே. வெளியே பிறந்திருந்தா இதைப் பருந்து தூக்கியிருக்கும். இந்தக் குணமும் அதோட போயிருக்கும். நாமதான் வலை போட்டுக் காப்பாத்தி, வளத்துவிட்டிருக்கோம்."

"நீதானே எண்ணிச் சொன்னே?"

குஞ்சை எடுத்துக் கூண்டில் விட்டேன்.

இப்போது நான் கரணம் எண்ணுவதில்லை. ஜோடி சேர்க்கும் முன், புறா ஒழுங்காக வந்து இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அண்ணன் அரைமனதாக ஒப்புக்கொண்டார். தாயையும் தகப்பனையும் தனித்தனிக் கூண்டில் வைத்திருக்கிறோம். குஞ்சு நடந்து இரை தின்கிறது, பறப்பதில்லை. கூடப்பிறந்த பெட்டைக்கு இறக்கை முற்றி நாளாகிவிட்டது. அதைத் திறந்துவிட எங்கள் இருவருக்கும் இன்னும் தைரியம் வரவில்லை.