வரிச்சியின் கழுத்துப் பட்டை

எங்கள் வரிச்சியைக் கொன்றது என் சின்ன மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிப் பார்த்துவிட்டேன். "அம்மிணிக்கு இன்னும் கோவம் ஆறலை" என்று சிரித்துவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை வெற்றிலையோடு சேர்த்து மெல்ல முடியாது.

வரிச்சி ஒரு பூனை. ஒரு பூனைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் வீடு. கடலையும் சோளமும் விளைகிற பூமி. தை மாதம் பிறந்தால் கணவாய்க் காற்று பனைமரங்களைப் பிடித்து உலுக்கும். சோறு தின்றால் பாதி மண்தான் வாய்க்குள் போகும். விதைக்கடலை மூட்டைகள் அடுக்கிய அறையில் வரிச்சி இருந்தது. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி. அந்தத் தையில் மேலே பரண்போல இருந்த அட்டாலியில் மூன்று குட்டி போட்டிருந்தது. நான் ஏணியில் ஏறி எட்டிப் பார்ப்பேன். என்னைத் தவிர வேறு யார் ஏறினாலும் சீறும். எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

எங்கள் பக்கத்தில் கயிறு என்பது மானப் பிரச்சினை. அப்பா புளிச்சை நாரில் தானே கயிறு திரிப்பார். ஒருவரை ஊருக்குள் தலைகுனிய வைக்க வேண்டுமானால், அவர் கட்டிய மாடு அறுத்துக்கொண்டு போய் அடுத்தவன் வெள்ளாமைக் காட்டில் மேய்ந்தது என்று சொன்னால் போதும். பட்டிப் பொங்கலன்று மாடு, கன்று, ஆடு எல்லாவற்றுக்கும் பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிறு போடுவோம். அன்றைக்குத் தொழுவமே புது நார் வாசம் அடிக்கும்.

அந்தப் பட்டிப் பொங்கலுக்கு மாமா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. மறையூர் வழியாக உடுமலைக்கு வந்து அங்கிருந்து வண்டி பிடித்து வருவார். வந்தால் எங்களுக்கு மறையூர் வெல்லமும், அப்பாவுக்குத் தேயிலைத் தூளும், எல்லோருக்கும் சேர்த்து வெள்ளைக்காரத் துரை வீட்டுக் கதைகளும் கிடைக்கும். அவர் பேச ஆரம்பித்தால் பால் கறக்கப் போன அம்மாகூடச் செம்போடு நின்றுவிடுவாள். அத்தனை அழகாகப் பேசுவார். அதை நான் மறுக்கவில்லை.

அன்று தொழுவத்தில் கயிறு மாற்றிக்கொண்டே துரைசாணியின் பூனையைப் பற்றிச் சொன்னார்.

"வாரம் ஒரு பட்டு நாடாவுங்க மச்சான். அந்தம்மா உக்காந்து தைச்சுக் கழுத்துல கட்டி விடுவாங்க. பூனை தேயிலைக் காட்டுக்குள்ள ஒரு சுத்துப் போயிட்டு மொட்டைக் கழுத்தோட வந்து நிக்கும். மறுபடியும் ஊசியை எடுப்பாங்க."

"நாடாவுல எறும்பைக் கட்டினாக்கூட நிக்காதே மாப்பிள்ளே" என்றார் அப்பா.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். ஊரையே ஆளுறாங்க, ஒரு பூனைக்குக் கட்டத் தெரியலை."

தொழுவமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு யோசனை வந்தது. நம் வீட்டுப் பூனைக்கும் ஒன்று போட்டால் என்ன? பழைய மணிப்பட்டையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தோல்வார் அறுத்தார். எண்ணெய் தடவினார். இரண்டு முனையிலும் துளை போட்டுப் புளிச்சை நாரைக் கோத்தார். இளங்கன்றுக்குக் கழுத்துக் கயிறு போடும்போது இரண்டு விரல் நுழைய இடம் விடுவது எங்கள் வழக்கம். கன்று வளருமே, அதற்காக. வரிச்சிக்கும் அதே அளவில் இரண்டு விரல் விட்டார். மூர்க்கக் காளை முட்டி மோதினாலும் அவிழாத முடிச்சைப் போட்டார். அப்பா அதை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். மாடுகளோடு சேர்த்து வரிச்சிக்கும் நெற்றியில் குங்குமம் வைத்தோம். அது முகத்தைச் சுளித்துக்கொண்டு அட்டாலிக்கு ஓடியது.

மறுநாள் காலையில் அடுப்படிக்குள் ஏதோ உருள்கிற சத்தம். வரிச்சி பின்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தை நக்கப் போய்க் கீழ்த்தாடை பட்டைக்குள் மாட்டிக்கொண்டது. மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் வாய்; அதிலிருந்து எச்சில் வழிந்தது. மோர்ப் பானையில் மோதியது, விறகில் மோதியது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாதான் முந்தானையைப் போட்டு அமுக்கிப் பிடித்துத் தாடையை விடுவித்தாள். அவள் கை முழுக்க நகக் கீறல்.

"தம்பி, இதைக் கழட்டிப் போடு. பால் குடுக்கற சீவன்."

"பழகிக்கும் அக்கா. கன்னுக்குட்டிகூட மொத நாள் கயித்தோட குதிக்கத்தான் செய்யும். நாலு நாள் போனா அதுவே மறந்துரும்."

"கன்னுக்குட்டி வேலி நுழையுதா? மரம் ஏறுதா?"

"நீ ஒருத்தி. பூனைக்கு வக்கீல் வந்துட்டா பாரு."

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். அம்மா கீறலில் மஞ்சளை அப்பிக்கொண்டு உலைக்கு அரிசி போடப் போய்விட்டாள். அந்த வீட்டில் சரியான கேள்வியை அவள் ஒருத்திதான் கேட்டாள். 

மாமா ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. நான் எழுந்ததும் ஏணியில் ஏறினேன். குட்டிகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. வரிச்சி இல்லை. கீழே இறங்கிக் கொல்லைப்புறம் போனேன். எங்கள் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. அதில் பூனை நுழைகிற ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தின் ஓரத்தில், கிளுவைக் குச்சி ஒன்றில், தோல்பட்டை தொங்கியது. முடிச்சு அப்படியே இருந்தது. தோலை நடுவில் யாரோ அறுத்திருந்தார்கள்.

மாமா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரமாகக் கழுவினார்.

"வரிச்சி எங்க மாமா?"

"பொள்ளாச்சிச் சந்தைக்குப் போற வண்டியில ஏத்தி அனுப்பிச்சுட்டேன் அம்மிணி. துரை ஊட்டுக்குப் போகுது. அங்க அதுக்குப் பட்டு நாடா கட்டுவாங்க. இந்தப் பட்டை எதுக்குன்னு அறுத்துப் போட்டேன்."

"குட்டிங்க?"

"குட்டியைப் பத்தி அதுக்கென்ன? துரை ஊட்டுப் பாலுன்னு சொன்னதுதான் தாமசம், வாலைத் தூக்கிட்டு ஏறி உக்காந்துக்குச்சு. திரும்பிக்கூடப் பாக்கலை."

அம்மாவைப் பார்த்தேன். அவள் மறுபக்கம் திரும்பி இறைவாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

குட்டிகளை அம்மா வளர்த்தாள். ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து வாயில் வைப்பாள். ஒன்று தங்கவில்லை. அதைப் புதைத்த அன்று நான் வரிச்சியைத் திட்டினேன். என் வயதுக்குத் தெரிந்த எல்லா வசவும் வைதேன். பாலுக்கு ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள், நாசமாய்ப் போவாள் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஏன் பொத்தினாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒவ்வொரு நோம்பி திருநாளுக்கும் மாமா வருவார், வரிச்சியின் சேதியோடு. பீங்கான் தட்டில்தான் இப்போது குடிக்கிறதாம். நாற்காலியில்தான் உட்காருமாம். அப்போது மூணாற்றில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பெருவெள்ளம் வந்து அதை அடித்துக்கொண்டு போக இன்னும் சில வருஷங்கள் இருந்தன. வரிச்சி அந்த ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததாம். டிக்கெட் கேட்டவனைப் பார்த்துச் சீறியதாம். வெல்லத்தை என் கையில் கொடுத்து, "உனக்கு வரிச்சி கொடுத்தனுப்பினது" என்பார். கோபத்தோடுதான் வாங்குவேன். ஆனால் தின்றுவிடுவேன். இன்றைக்கும் அந்த ரயில் கதையை நினைத்தால் வாய் தானாகச் சிரிக்கிறது. என் ஆத்திரமே அதுதான். அந்த வெல்லத்தின் ருசிக்கு ஈடாக இன்றுவரை எதையும் நான் தின்றதில்லை. அதையும் அவர்தான் கொண்டுவந்தார்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவும் நானும் உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தோம். வேடிக்கையாகத்தான் சொன்னேன்: "நானும் வரிச்சி மாதிரித்தான். வண்டி ஏறினேன்னா திரும்பிப் பாக்க மாட்டேன்."

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அது போகலை சாமி" என்றாள்.

மாமா ஊருக்குக் கிளம்பின அன்று விடிகாலையில் பால் கறக்கப் போனவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். வேலிச் சந்தில் நுழையும்போது கிளுவைக் குச்சி பட்டைக்குள் போய்விட்டது. அந்த இரண்டு விரல் இடைவெளிக்குள். பின்னால் போகப் பார்த்திருக்கிறது, முன்னங்காலை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறது. அந்தக் காலும் மாட்டிக்கொண்டது. கீழே மண்ணைப் பிறாண்டிக் குழியே விழுந்திருந்தது. கட்டியவராலேயே அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கொடுவாளால் தோலை அறுத்துத்தான் எடுத்தார். குப்பைமேட்டுக்குப் பின்னால் புதைத்தார்.

"அதோட தலை ஊட்டைப் பாத்து இருந்துச்சு" என்றாள் அம்மா. "குட்டிக்குப் பால் குடுக்க வந்துட்டு இருந்துருக்குது."

அறுந்த பட்டையை நான் கண்ணால் பார்த்தேன். அவிழாத முடிச்சையும் பார்த்தேன். கிணற்றடியில் அவர் கை கழுவியதையும் பார்த்தேன். எதுவும் எனக்குப் புரியவில்லை. அதைவிட, தொழுவத்தில் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேனே, எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பதும் புரிந்திருக்கவில்லை. அந்த நாடா எதற்கு உதவியது என்று துரைசாணிக்கும் தெரிந்திருக்காது, அழகுக்குத்தான் கட்டினாள். ஆனால் அவள் பூனை மொட்டைக் கழுத்தோடு வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு முள்ளிலிருந்து, ஏதோ ஒரு கிளையிலிருந்து பிழைத்து வந்திருந்தது. அந்த நாடாவின் வேலையே அறுவதுதான். அறாததைக் கட்டுவதுதான் கட்டு என்று நம்பின மாட்டுக்காரர்கள் நாங்கள். எங்களுக்கு அது கேலியாகப் போயிற்று.

தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம். நானும் அப்படித்தான் பல வருஷம் விட்டிருந்தேன். போன தையில் ஒரு சீர் வீட்டுப் பந்தலில் அதே கதையை மறுபடியும் எடுத்தார். வாலைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியது, குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தல் சிரித்தது. அவர் மடியில் அவருடைய கடைக்குட்டிப் பெண். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு பூனைக்குட்டி. அதன் கழுத்தில் எண்ணெய் தடவிய தோல்பட்டை, அதே முடிச்சு.

மாமா, வருகிற மாரியம்மன் நோம்பிக்கு நம் சனம் முழுக்கக் கூடும். நானும் வருவேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நீங்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும்: வரிச்சி எந்த வண்டியில் ஏறியது? விடிகாலையில் கொடுவாளால் எதை அறுத்தீர்கள்? அதன் தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது? உங்கள் மகளும் கேட்டுக்கொண்டிருக்க, உரக்கச் சொல்லுங்கள்.

பூனைக்குட்டியின் பட்டைக்கு நோம்பிவரை காத்திருக்க வேண்டாம். அதை இன்றைக்கே அறுத்துவிடுங்கள்.